நிழலில் தொடங்குங்கள்: ஃபேஷன் படங்களின் ஒளி, கான்ட்ராஸ்ட், வண்ணத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

ஃபேஷன் படத்தில் கண்ணை முதலில் இழுப்பது வண்ணம். அதனால் ஒரு ஒளிப்படக்கலைஞரின் படங்களை ஆராயப் புறப்படும் புதியவர்கள் பெரும்பாலும் வண்ணத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். "கதகதப்பான டோன், மென்மையான ஒளி" என்று இரண்டு வரி எழுதியதும் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். முதலில் நிழலைப் பாருங்கள். பிறகு வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறப் படமாக்கி, கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். வண்ணம் கடைசியில் வரட்டும்.

இதற்குக் காரணம் உண்டு. படத்தில் இருக்கும் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இருட்டும் மூன்றில் ஏதோ ஓர் இடத்திலிருந்து வந்தவை. ஒன்று, பொருள்: துணி, ஒப்பனை, தோல், சுவர். இரண்டு, அந்தப் பொருளின் மேல் விழுந்த ஒளி. மூன்று, பின்வேலை: ஃபிலிம், பிரின்ட், கணினியில் செய்த கலர் கிரேடிங் (படத்தின் நிறங்களை மாற்றியமைப்பது), ரீடச்சிங் (குறைகளை அழித்துத் திருத்துவது). ஒளி எங்கிருந்து எப்படி வந்தது என்பது தெரியாமல் மற்ற இரண்டையும் பிரிக்க முடியாது. ஒளியைப் பற்றி அதிகம் சொல்வது நிழல்.

படங்களைச் சேர்ப்பது

15 முதல் 20 படங்கள் வேண்டும். ஐந்தாறு படங்களை வைத்து ஒருவருடைய பாணியைச் சொல்லப்போனால், அந்த ஒரு தொடரின் ஸ்டைலிஸ்ட் எடுத்த முடிவையெல்லாம் ஒளிப்படக்கலைஞரின் கணக்கில் எழுதிவிடுவோம். பல ஆண்டுகளில் பரவிய படங்களாக எடுங்கள். இதழ்களுக்கு எடுத்தவையும் விளம்பரங்களுக்கு எடுத்தவையும் கலந்திருக்கட்டும். எது எது என்று குறித்தும் வையுங்கள். விளம்பரத்தில் வண்ணத்தைப் பெரும்பாலும் வாடிக்கையாளரும் ஆர்ட் டைரக்டரும் முடிவு செய்திருப்பார்கள். இதழ்ப் பக்கங்களில் ஒளிப்படக்கலைஞருக்குக் கை கொஞ்சம் தாராளம். மிகப் புகழ்பெற்ற படங்களை மட்டும் பொறுக்காதீர்கள். அவை விதிவிலக்காக இருந்ததாலேயே புகழ் பெற்றிருக்கலாம்.

ஒவ்வொரு படத்துடனும் கிரெடிட் வரியையும் சேர்த்து வையுங்கள். ஸ்டைலிஸ்ட், ஒப்பனையாளர், செட் டிசைனர், ரீடச்சர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கும். இருபது படங்களில் ஒரே செட் டிசைனரின் பெயர் பத்து முறை வந்தால், பின்னணி நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதப்போவது யாருடைய ரசனை என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

கோப்பின் தரமும் முக்கியம். நீளப்பக்கத்தில் குறைந்தது 1500 பிக்சல் இல்லையென்றால் கண்ணில் விழும் ஒளிப்புள்ளியின் வடிவம் தெரியாது. கைமாறிக் கைமாறி வந்த நகல்களில் யாரோ ஃபில்டர் போட்டிருக்கக்கூடும். எனவே ஒரே படத்தை இரண்டு இடங்களிலிருந்து எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வண்ணம் வேறுபட்டால், கலைஞரின் சொந்தத் தளம், அருங்காட்சியகத் தொகுப்பு, அச்சிட்ட நல்ல பதிப்பு ஆகியவற்றில் ஒன்றை நம்புங்கள். பழைய இதழை ஸ்கேன் செய்த படமென்றால் பக்கத்தின் வெறும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தாள் மஞ்சளாக இருந்தால் படத்துக்குள் இருக்கும் மஞ்சளிலும் ஒரு பங்கு தாளுடையது.

திரையில் இரவு நேர மஞ்சள் மோடு, சுற்றொளிக்கேற்ப நிறம் மாற்றும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். படத்தைச் சுற்றி நடுத்தரச் சாம்பல் நிறம் இருக்கட்டும். கறுப்புத் திரையின் நடுவே வைத்தால் படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும். வெள்ளைத் திரையின் நடுவே இருண்டு தோன்றும்.

நிழலைப் படிப்பது

மூக்கின் நிழலில் ஆரம்பியுங்கள். நிழலின் நுனியிலிருந்து மூக்கின் நுனி வழியாக ஒரு கோடு இழுத்து நீட்டினால், அது பிரதான விளக்கு இருக்கும் திசையைக் காட்டும். நிழல் மூக்குக்கு நேர்கீழே சிறு பட்டாம்பூச்சி வடிவில் விழுந்தால் விளக்கு கேமராவுக்கு மேலே, நடுவில் இருக்கிறது. பக்கவாட்டில் சற்றே கீழிறங்கி, கன்னத்து நிழலைத் தொடாமல் நின்றால் விளக்கு ஏறக்குறைய 30 முதல் 45 பாகை விலகி இருக்கிறது. மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் சேர்ந்து, இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சத்தை மட்டும் விட்டால் அதை ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்பார்கள். விளக்கு இன்னும் விலகி, உயர்ந்திருக்கிறது. முகத்தில் சரிபாதி இருட்டென்றால் விளக்கு நேர் பக்கவாட்டில் இருக்கிறது. முகம் திரும்பியிருக்கும் படங்களில் இன்னொன்றும் குறியுங்கள்: கேமராவை நோக்கும் அகன்ற பக்கம் வெளிச்சமா, இருட்டா? இருண்ட பக்கம் கேமராவை நோக்கினால் முகம் ஒடுங்கி, எலும்பமைப்பு எடுப்பாகத் தெரியும். ஃபேஷன் படங்களில் இதை அடிக்கடி காணலாம்.

அடுத்தது நிழலின் விளிம்பு. விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒளிமூலம் சிறியது, மங்கிக் கரைந்தால் பெரியது. இங்கே சிறிது, பெரிது என்பது விளக்கின் உண்மையான அளவு அல்ல. மாடல் நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. சூரியன் பிரம்மாண்டமானது, ஆனால் இங்கிருந்து பார்க்கும்போது அரை பாகை அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் கூர்மையாக விழுகிறது. ஒன்றரை மீட்டர் சாஃப்ட்பாக்ஸை (விளக்கின் முன் வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியை) முகத்தருகே ஒரு மீட்டரில் வைத்தால் ஒளி மிக மென்மை. அதையே ஆறு மீட்டருக்குத் தள்ளினால் நிழல் இறுகத் தொடங்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நிழலை வீழ்த்தும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் நடுவே தூரம் கூடக் கூட விளிம்பு மங்கும். அதனால் ஒரு படத்தின் மூக்கு நிழலையும் இன்னொரு படத்தின் சுவர் நிழலையும் ஒப்பிட்டு "இவர் ஒளியை மாற்றிவிட்டார்" என்று சொல்லக்கூடாது. மூக்கு நிழலுடன் மூக்கு நிழல், தாடையின் கீழே கழுத்தில் விழும் நிழலுடன் அதே நிழல் என்று ஒப்பிடுங்கள்.

இப்போது கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளியை கேட்ச்லைட் என்பார்கள். அது விளக்கின் பிரதிபலிப்பே. செவ்வகமென்றால் சாஃப்ட்பாக்ஸ் அல்லது ஜன்னல், எட்டுப்பட்டையென்றால் ஆக்டாபாக்ஸ், வட்டத்தின் நடுவே கரும்பொட்டு இருந்தால் பியூட்டி டிஷ் எனும் கிண்ண வடிவ விளக்கு, வட்டத்துக்குள் கம்பிகள் தெரிந்தால் குடை, பாப்பாவை (கருவிழியின் நடுவிலுள்ள கண்மணியை) சுற்றி மெல்லிய வளையமென்றால் லென்ஸைச் சுற்றிப் பொருத்தும் ரிங் ஃபிளாஷ். இருக்கும் இடத்தைக் கடிகார முள்ளின் கணக்கில் எழுதுங்கள்: "10 மணியில் பெரியது, 6 மணியில் சிறியது, மங்கல்." 6 மணியில் இருப்பது பெரும்பாலும் ஒளியைத் திருப்பி அனுப்பக் கீழே பிடித்த ரிஃப்ளெக்டர். ஆனால் கேட்ச்லைட்டை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டில் ஒன்றை ரீடச்சிங்கில் அழிப்பது சர்வசாதாரணம். மூக்கு நிழலை அப்படி யாரும் லேசில் அழிப்பதில்லை. இரண்டும் முரண்பட்டால் நிழலை நம்புங்கள்.

கண்ணிலேயே இன்னொரு துப்பும் கிடைக்கும். பாப்பா நன்றாக விரிந்திருந்தால் மங்கிய அறையில் ஃபிளாஷ் அடித்திருக்கலாம். அந்த நொடிப்பொழுதில் பாப்பா சுருங்க நேரமிருக்காது. ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் தொடர்ந்து எரியும் பலமான விளக்கு அல்லது பகல் வெளிச்சம். கருவிழி கறுப்பாக இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது; அதை விட்டுவிட்டு மேலே போகலாம்.

ஃபேஷனில் முழு உருவப் படங்கள் அதிகம். அங்கே தலையிலிருந்து பாதம் வரை வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பது விளக்கின் தூரத்தைக் காட்டிக்கொடுக்கும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும்; அதாவது 2 ஸ்டாப் குறையும் (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்). விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டரில், பாதத்திலிருந்து 2 மீட்டரில் இருந்தால் முகத்தைவிடப் பாதம் 2 ஸ்டாப் இருட்டு. பாவாடையின் கீழ்க்கரை இருளில் முழுகிவிடும். முகத்துக்கு 4 மீட்டர், பாதத்துக்கு 4.4 மீட்டர் என்றால் வித்தியாசம் கால் ஸ்டாப்புக்குச் சற்றே அதிகம், கண்ணுக்குத் தெரியாது. உடை மேலிருந்து கீழ்வரை சீராகத் தெரிந்தால் விளக்கு தள்ளி இருக்கிறது, இல்லையென்றால் கீழே இரண்டாவது விளக்கு இருக்கிறது. தரையில் பாதத்தின் நிழல்களை எண்ணினால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு நிழல் விழுந்தால் விளக்கும் குறைந்தது இரண்டு.

இதே விதி பின்னணியையும் மாற்றிவிடும். வெள்ளைத் தாளுக்கு ஒளி குறைந்தால் படத்தில் அது சாம்பலாகும், இன்னும் குறைந்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகும். சாம்பல் தாளின் மேல் ஒளியைக் கொட்டினால் வெள்ளையாகும். அதனால் "சாம்பல் பேக்ட்ராப் பயன்படுத்தியிருக்கிறார்" என்று எழுதாதீர்கள். "பின்னணி சாம்பலாகத் தெரிகிறது" என்பது மட்டுமே நமக்குத் தெரிந்தது. ஒளிப்படக்கலைஞர் ரிச்சர்ட் அவெடனின் புகழ்பெற்ற வெள்ளைப் பின்னணியை ஆராயும்போது வெண்மையைப் பாராட்டுவதோடு நிறுத்தாமல், ஆளின் விளிம்பு அதனெதிரில் எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்று பாருங்கள். பின்னணிக்கு அளவுக்கு மீறி ஒளி கொடுத்தால் அது முன்னால் வழிந்து தலைமுடியின் ஓரத்தைத் தின்றுவிடும். ஸ்டூடியோ படங்களில் இந்த ஓரத்தைக் கவனித்தாலே வேலைத்திறன் தெரிந்துவிடும்.

சில ஒளியமைப்புகளைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம். ஆள் சுவரருகே நிற்க, உருவத்தைச் சுற்றிலும் மெல்லிய கரும்விளிம்பு ஓடினால் ரிங் ஃபிளாஷ். சுவரில் ஒரு பக்கமாக ஒட்டிய கூர்மையான நிழலும், முகத்தில் தட்டையான பளபளப்பும் சேர்ந்திருந்தால் கேமரா மேலேயே பொருத்திய ஃபிளாஷ். யுர்கன் டெல்லரின் படங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். விளிம்புகள் எங்குமே இறுகாமல், வெளிச்சம் உடலின் மேல் திட்டுத்திட்டாக மிதப்பதுபோல் இருந்தால், நீண்ட எக்ஸ்போஷரில் (கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து) கையில் டார்ச்சை அசைத்து வரைந்த ஒளியாக இருக்கலாம். பாவ்லோ ரோவெர்சி பெரிய 8×10 அங்குல போலராய்டில் செய்த வேலைகள் இதற்குச் சிறந்த பாடம்.

வெளிப்புறப் படங்களில் முதலில் தரை நிழலின் நீளத்தைப் பாருங்கள். நிழல் ஆளின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது; இரு மடங்கென்றால் ஏறக்குறைய 27 பாகை. பின்னணியில் வெயில் சுள்ளென்று அடிக்க, மாடலின் முகத்தில் மட்டும் நிழல் மென்மையாக இருந்தால் தலைக்கு மேலே ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூஷன் துணி பிடித்திருக்கிறார்கள். வானம் இயல்பைவிட இருண்டு, ஆள் மட்டும் பளிச்சென்று நின்றால் ஃபிளாஷ் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சிறு வரைபடம் போடுங்கள்: ஆள், கேமரா, விளக்கு, பின்னணி. நிச்சயமாகத் தெரிந்ததை முழுக்கோட்டாலும், ஊகத்தைப் புள்ளிக்கோட்டாலும் வரையுங்கள்.

வண்ணத்தை நீக்கி கான்ட்ராஸ்டை அளப்பது

ஃபோட்டோஷாப், கிம்ப், உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீ, எதுவானாலும் போதும். ஆனால் சாம்பலாக மாற்றும் வழியில் கவனம் வேண்டும். ஃபோட்டோஷாப்பின் 'டீசாச்சுரேட்' கட்டளை தூய சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும். நம் கண்ணுக்கோ பச்சை வெகு வெளிச்சம், நீலம் வெகு இருட்டு. எனவே படத்தின் மேல் ஒரு கறுப்பு லேயர் வைத்து, அதன் பிளெண்ட் மோடை 'கலர்' என்று மாற்றுங்கள். கிம்ப்பில் டீசாச்சுரேட் பெட்டியைத் திறந்து 'லூமினன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

சாம்பலான படத்தை நன்றாக மங்கலாக்கி, இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். மூன்று நான்கு பெரிய திட்டுகள் மிஞ்சும். படத்தின் எலும்புக்கூடு அதுதான். எந்த இடத்தில் மிக வெளிச்சமும் மிக இருட்டும் நேருக்கு நேர் உரசுகின்றன என்று குறியுங்கள். அது முகமா, காலணியா, இடுப்பு மடிப்பா? விற்கவேண்டிய பொருளின் மேல் அந்த உரசல் இருந்தால் அது தற்செயல் இல்லை. 1939-இல் ஒளிப்படக்கலைஞர் ஹார்ஸ்ட் எடுத்த மெயின்போஷர் கார்செட் (இடுப்பை இறுக்கும் உள்ளாடை) படத்தை இப்படி மங்கலாக்கிப் பாருங்கள். வெளிச்சமான முதுகும் அதைச் சுற்றிய ஆழ்ந்த நிழலுமே படத்தைத் தாங்கி நிற்கின்றன.

இனி எண்கள். திரைகளுக்கான வழக்கமான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபி படத்தில், 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான அளவில், 18 சதவீத நடுச்சாம்பல் சுமார் 118 என்ற மதிப்பில் இருக்கும். அங்கிருந்து ஒரு ஸ்டாப் ஏறினால் 162, இரண்டு ஏறினால் 221. ஒரு ஸ்டாப் இறங்கினால் 85, இரண்டு இறங்கினால் 60. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்: 60, 85, 118, 162, 221. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு ஸ்டாப். ஒளி இரு மடங்கு.

ஓரிடத்தின் நிற மதிப்பைக் காட்டும் ஐட்ராப்பர் கருவியை 11×11 பிக்சல் சராசரிக்கு மாற்றுங்கள். ஒற்றைப் பிக்சலை அளந்தால் ஜேபெக் இரைச்சலைத்தான் அளப்பீர்கள். வெளிச்சக் கன்னத்தில் ஓரிடம், நிழல் கன்னத்தில் ஓரிடம் எடுங்கள். பளபளக்கும் புள்ளி, ரூஜ் பூசிய இடம் இரண்டையும் தவிருங்கள். 162-உம் 85-உம் வந்தால் வித்தியாசம் 2 ஸ்டாப், விகிதம் 4:1. 118-உம் 85-உம் என்றால் 1 ஸ்டாப், 2:1. அளக்கும்போது இரண்டு புள்ளியும் ஒரே பொருளில் இருக்க வேண்டும். கன்னத்தையும் கோட்டுத் துணியையும் ஒப்பிட்டால் ஒளியின் விகிதம் கிடைக்காது. தோலும் துணியும் எவ்வளவு வேறு நிறம் என்பதுதான் கிடைக்கும்.

இந்த விகிதம் படப்பிடிப்பில் லைட் மீட்டர் காட்டிய எண் அல்ல. வெளியான படம், வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் டோன் கர்வ் ஒன்றின் வழியாக வந்திருக்கிறது. கான்ட்ராஸ்டைக் கூட்டியிருந்தால் 3:1 ஆக இருந்தது 5:1 போலத் தெரியும். எனவே ஒரே கலைஞரின் படங்களைத் தங்களுக்குள் ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பின்வேலையின் கான்ட்ராஸ்டைத் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது. படத்தின் மிக ஆழமான கறுப்பு எங்கே நிற்கிறது? 0 முதல் 8-க்குள் என்றால் கறுப்பு முழுதாக இறங்கியிருக்கிறது. 25, 30-இல் நின்றுவிட்டால் கறுப்பை வேண்டுமென்றே தூக்கியிருக்கிறார்கள். படம் புழுதி படிந்த மேட் தாளில் அச்சிட்டதுபோல் இருக்கும். வெள்ளை உடையின் மிக வெளிச்சமான மடிப்பு 235, 245 என்ற அளவில் இருந்தால் நெசவு தெரியும். 255-ஐத் தொட்டால் வெறும் வெள்ளைத் திட்டு. ஹிஸ்டோகிராமில் (எந்த வெளிச்ச மதிப்பில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடத்தில்) இரண்டு முனைகளையும் பார்த்து எழுதுங்கள். நடுவில் மேடு எப்படி இருக்கிறது என்பது ஆடையைப் பொறுத்து மாறும். அதற்கு அதிகப் பொருள் கொடுக்க வேண்டாம்.

தோல் நிறத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் குறிப்புகளில் முகத்துக்குச் சொல்லும் வெளிச்ச மதிப்புகள் பெரும்பாலும் வெளிர் தோலை மனத்தில் வைத்து எழுதியவை. கருந்தோல் மாடலின் முகம் 80-இல் இருப்பதாலேயே படம் 'லோ கீ' (இருளே மேலோங்கிய படம்) ஆகிவிடாது, அண்டர் எக்ஸ்போஸ் ஆனதாகவும் (போதிய ஒளியின்றி எடுத்ததாகவும்) பொருளில்லை. கருந்தோலில் முகத்தின் வடிவத்தை நிழலைவிட மேற்பரப்பில் தெறிக்கும் பளபளப்பே அதிகம் காட்டும். நெற்றி, கன்ன எலும்பு, தோள் ஆகிய இடங்களில் பளபளப்பின் அளவையும் அதன் விளிம்பையும் பாருங்கள். அகன்று மெதுவாக மங்கினால் பெரிய ஒளிமூலம். சிறு புள்ளியாகத் தெறித்தால் சிறியது. இதை அறிந்து ஒளி அமைப்பவர் யார், எல்லோருக்கும் ஒரே ஒளியைப் போடுபவர் யார் என்பது இருபது படங்களில் வெளிப்பட்டுவிடும். ஒருவரின் திறமையை எடைபோட இதைவிட நல்ல இடம் அதிகமில்லை.

துணிகளுக்கும் இதே கண் வேண்டும். சாட்டின் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும், மடிப்புகளில் கோடுகோடாக மின்னும். வெல்வெட் நேராகப் பார்க்கும் இடத்தில் இருண்டு, வளையும் ஓரத்தில் வெளிறும். கறுப்புக் கம்பளிக்கு ஓரத்தில் ஒரு விளக்கு இல்லையென்றால் உடையின் தையல் தெரியாது, நிழலுருவம்தான் மிஞ்சும். நெசவு துல்லியமாகத் தெரிந்தால் ஒளி பக்கவாட்டிலிருந்து துணியை உரசிப்போகிறது.

கடைசியாக வண்ணம்

முதலில் நிறங்களைச் சுருக்குங்கள். படத்தை 1500×2000 பிக்சலுக்குக் கொண்டுவந்து, மொசைக் ஃபில்டரில் 100 பிக்சல் கட்டம் கொடுங்கள். 15-க்கு 20, மொத்தம் 300 கட்டங்கள் கிடைக்கும். மூன்று கட்டம் என்றால் படப்பரப்பில் ஒரு சதவீதம். ஒத்த நிறங்களை ஐந்து குடும்பங்களாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டங்களை எண்ணுங்கள். "சிவப்பும் பச்சையும்" என்று எழுதுவதைவிட "பச்சை 70 சதவீதம், சிவப்பு 4 சதவீதம், அதுவும் உதட்டிலும் காலணியிலும் மட்டும்" என்பது படத்தைப் பற்றி உண்மையாக எதையோ சொல்கிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹியூ (வண்ணச் சக்கரத்தில் நிறத்தின் இடம், பாகையில்), சாச்சுரேஷன் (நிறத்தின் செறிவு), பிரைட்னஸ் மூன்றையும் எழுதுங்கள். பிரைட்னஸ் எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் அது 100 என்றே காட்டும். வெளிச்சத்துக்குச் சாம்பல் படத்தின் எண்ணைப் பாருங்கள்.

எதிர்நிறம் என்று எழுதுமுன் எந்த வண்ணச் சக்கரம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஓவியர்களின் பழைய சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. ஒளியின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே சயான் (பச்சை கலந்த நீலம்), மஞ்சளுக்கு எதிரே நீலம், பச்சைக்கு எதிரே மெஜென்டா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு). செட்டும் உடையும் ஓவியர் சக்கரத்தை நினைத்துத் தேர்ந்தெடுத்தவையாக இருக்கலாம். கிரேடிங் நடப்பதோ ஒளியின் சக்கரத்தில். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

கண் ஏமாறும் என்பதை மறக்கவே கூடாது. கோப்லன் நெசவாலையின் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, பழுது சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஃபேஷன் படத்தில் இது ஒவ்வொரு அங்குலத்திலும் நடக்கிறது. ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் நிற்கும் சாம்பல் கோட்டு நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். நிறத்தைப் பெயர் சொல்லி எழுதுமுன் ஐட்ராப்பரால் அளந்துவிடுங்கள். அளவு சாம்பல் என்று சொல்ல, கண் நீலம் என்று சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். அந்த இடைவெளியைத்தான் கலைஞர் பயன்படுத்தியிருக்கிறார்.

இப்போது ஒவ்வொரு நிறமும் எங்கிருந்து வந்தது என்று பிரியுங்கள். முதலில் நடுநிலையாக இருக்கவேண்டிய பொருள்களைத் தேடுங்கள்: கண்ணின் வெள்ளை, பல், வெள்ளைச் சட்டைக் காலர், உலோகப் பொத்தான். இவையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் ஒட்டுமொத்த ஒளியோ, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பான ஒயிட் பேலன்ஸோ சாய்ந்திருக்கிறது. கண்ணையும் பல்லையும் ரீடச்சிங்கில் வெளுப்பது வழக்கமாதலால் துணியையே அதிகம் நம்பலாம். காலர் நடுநிலையாக இருந்து சுவர் மட்டும் பச்சையாக இருந்தால் அது சுவரின் நிறம்.

ஜெல் (நிறத்தாள்) போட்ட விளக்கா, கிரேடிங்கா என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். சோதனை எளிது. விளக்கின் நிறத்துக்குத் திசை உண்டு; கிரேடிங்குக்கு இல்லை. வலப்பக்கம் திரும்பிய பரப்புகளில் மட்டும் நீலம் ஏறி, இடப்பக்கம் திரும்பியவற்றில் இல்லையென்றால் வலப்பக்கம் ஒரு நீல விளக்கு இருக்கிறது. திசை எதுவானாலும், தலைமுடியின் இருட்டு, கோட்டின் மடிப்பு, பின்னணி மூலை எல்லாவற்றிலும் இருண்ட இடமென்றால் நீலம் என்றிருந்தால் அது கிரேடிங்கில் நிழலுக்கு ஏற்றிய நிறம். கறுப்பே நீலமாக, உதாரணமாக சிவப்பு 12, பச்சை 18, நீலம் 30 என்று, நின்றால் சந்தேகமே வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. திறந்த வெளியில் வெயில் படாத நிழலை நிரப்புவது நீலவானம். அங்கே நிழல் நீலமாக இருப்பது இயற்கை. மாலை வெயிலில் வெளிச்சம் ஆரஞ்சாகவும் நிழல் நீலமாகவும் வருவதற்கு யாரும் கணினியைத் தொட வேண்டியதில்லை. உள்ளறையில் ஜன்னல் ஒளியும் மஞ்சளொளி தரும் டங்ஸ்டன் விளக்கும் கலந்தாலும் இதேதான். நிற வெப்பநிலையில் பகல் ஒளி சுமார் 5500 கெல்வின், டங்ஸ்டன் 3200 கெல்வின்; எதற்கு கேமராவைச் சரிசெய்தாலும் மற்றது நிறம் மாறிக் காட்டும்.

தோலின் ஹியூ பெரும்பாலும் 10 முதல் 35 பாகைக்குள் விழும். வெளிர் தோலானாலும் கருந்தோலானாலும் வித்தியாசம் பெரிதும் சாச்சுரேஷனிலும் வெளிச்சத்திலும்தான். ஒருவரின் எல்லாப் படங்களிலும் தோலின் ஹியூ 15-இன் அருகே குவிந்தால் அவர் சிவப்பின் பக்கம் போகிறார். 30-இன் அருகே என்றால் மஞ்சளின் பக்கம். பின்னணி எவ்வளவு மாறினாலும் தோல் மட்டும் அசையாமல் நின்றால், அதைத் தனியாகப் பிடித்து வைத்துக் கிரேடிங் செய்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

ஃபிலிம் காலத்துக் கலைஞரானால் பின்வேலை என்பது ஃபிலிமும் ரசாயனமும். 1990களின் ஃபேஷன் படங்களில் ஸ்லைடு ஃபிலிமை நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவும் கிராஸ் பிராசஸ் பரவலாக இருந்தது. கான்ட்ராஸ்ட் ஏறும், வெளிச்சமும் நிழலும் வெவ்வேறு நிறத்துக்கு ஓடும். பழைய கலர் பிரின்ட் செம்மை பாய்ந்திருந்தால் சயான் சாயம் மங்கியதாக இருக்கலாம். அதைக் கலைஞரின் ரசனை என்று எழுதிவிடக் கூடாது. 1970களில் ஷார்ல் ஜூர்தான் காலணி விளம்பரங்களுக்கு கி பூர்தான் எடுத்த படங்களை இந்த மூன்று வகைப் பிரிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செறிந்த நிறம் பெரும்பாலும் பொருளிலேயே இருக்கிறது: சுவர், ஒப்பனை, காலணி. கூர்மையான ஒளி அதை மங்கவிடாமல் நிறுத்துகிறது. பீட்டர் லிண்ட்பெர்க்கின் கறுப்பு வெள்ளைப் படங்களில் வண்ணப் பகுதியை விட்டுவிட்டு, தோலின் மேல் சாம்பல் எத்தனை படிகளாக இறங்குகிறது என்பதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

குறிப்புகளிலிருந்து முடிவுக்கு

ஒரு விரிதாளில் படத்துக்கு ஒரு வரிசை: ஆண்டு, இதழா விளம்பரமா, விளக்கின் திசை, நிழல் விளிம்பு, விகிதம், கறுப்பின் மதிப்பு, ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றும் பொருளா ஒளியா பின்வேலையா. இருபது படங்களில் ஒரு குணம் பதினான்கு, பதினைந்தில் வந்தால் அதைப் பழக்கம் எனலாம். நாலைந்தில் மட்டும் வந்தால், அவை ஒரே வாடிக்கையாளருக்கு எடுத்தவையா என்று முதலில் பாருங்கள். ஆண்டுவாரியாக அடுக்கினால், ஏதோ ஓர் ஆண்டுக்குப் பிறகு கறுப்பின் மதிப்பு திடீரென ஏறியிருப்பது போன்ற திருப்பங்கள் தெரியும். பெரும்பாலும் அங்கே கேமராவோ ரீடச்சரோ மாறியிருப்பார்கள்.

ஊகத்தை ஒரு முறையாவது விளக்கு வைத்துச் சோதியுங்கள். பொம்மைத் தலையோ பொறுமையான நண்பரோ போதும். ஒற்றை விளக்கு, அதன் முன்னால் பிடிக்க ஒரு வெள்ளைத் துணி, ஒரு வெள்ளை அட்டை. வரைபடத்தில் போட்டபடி வைத்து, மூக்கு நிழல் அதே இடத்தில் அதே விளிம்புடன் விழுகிறதா என்று பாருங்கள். நிழலின் இடம் சரி, விளிம்பு மட்டும் இறுகியிருக்கிறது என்றால் திசையைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள், அளவை அல்ல. துணியைப் பெரிதாக்குங்கள் அல்லது அருகே கொண்டுவாருங்கள். விளிம்பு சரி, நிழல் மட்டும் அதிக இருட்டு என்றால் வெள்ளை அட்டையை எதிர்ப்பக்கம் சேருங்கள்.

எழுதும்போது பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். "இவர் மென்மையான, கனவுபோன்ற ஒளியை விரும்புகிறார்" என்பது எந்தக் கலைஞருக்கும் பொருந்தும். இப்படி எழுதலாம்: "20 படங்களில் 15-இல் ஒற்றை ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது, மூக்கு நிழலின் விளிம்பு கரைகிறது, கன்னங்களின் விகிதம் 4:1-ஐ ஒட்டியிருக்கிறது. கேட்ச்லைட் செவ்வகம், 10 மணியில், ஜன்னலாக இருக்கலாம். கறுப்பு 25-க்குக் கீழே இறங்குவதில்லை, அந்தக் கறுப்பில் லேசான பச்சை உண்டு; திசை மாறினாலும் பச்சை மாறாததால் அது கிரேடிங்கில் வந்தது. செறிந்த நிறம் படப்பரப்பில் 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 12 படங்களில் அது உடையில் இல்லாமல் பின்னணியில் இருக்கிறது."

கடைசி வரியைப் போன்ற ஒன்று கிடைத்தால் அங்கேயே நின்று, அந்த 12 படங்களையும் தனியாக எடுத்து வைத்து மறுபடி பாருங்கள். விற்க வேண்டிய உடையை அடக்கிப் பின்னணியை ஓங்கவிடுவது எளிதில் எடுக்கும் முடிவல்ல. யார் அதை எடுத்தார்கள் என்பதற்கு அந்தப் படங்களின் கிரெடிட் வரிகளில் விடை இருக்கக்கூடும்.